ஜைனம்புக்கு ஒரு ஹெல்மெட்

ஷார்ஜா
13-6-2025

அன்பு ஜைனம்புக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாள் அன்று போனில் நாம் பேசியதெல்லாம் ஒரு பேச்சா? உன் பக்கம் ஹால் நிறையச் சொந்தக்காரர்கள், ஸ்பீக்கரில் ஆளுக்கொரு ஸலாம். என் பக்கம் அறையில் ஆறு பேர். "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டி நமக்குள் ஒன்றும் நடப்பதில்லை. அதனால்தான் கல்யாணமான புதிதில் பழகிய வழக்கத்தை நான் இன்னும் விடவில்லை. ஊருக்கு வருகிற ஆளிடம் பார்சலோடு ஒரு கடிதம். இந்தத் தடவை வருகிறவன் முகமது அனஸ்.

விஷயம் பெரியது. உட்கார்ந்து படி. வெள்ளிக்கிழமை விடியலில் இங்கே பாலைவனப் பாதையில் நண்பர்களோடு நான் சைக்கிள் ஓட்டுவது உனக்குத் தெரியும். நவம்பரில் லீவில் வருகிறேன். கன்னியாகுமரியில் இருந்து டெல்லி வரைக்கும் நம் குடும்பமே சைக்கிளில் போகப் போகிறோம்! விளையாட்டில்லை. புவனேஸ்வரி டீச்சருக்காக. நம் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் எழுத்து சொல்லிக் கொடுத்தவர், டயாலிசிஸுக்கு வாரத்தில் மூன்று நாள் திருச்சிக்குப் பஸ் ஏறி, திரும்பும்போது நிற்க முடியாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்து வருகிறார் என்று நீதானே சொன்னாய்? ஊரிலேயே ஒரு மையம் வைக்க ஜமாஅத் இடம் தருகிறது. மிஷின்தான் இல்லை. போகிற ஊரெல்லாம் நின்று பேசுவோம், கேட்போம். கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும்.

பிலால் முன்னால், அஃப்ஷான் நடுவில், நான் கடைசியில். பிச்சைமுத்து அண்ணன் வேன் ஓட்டுவார். நீ வேனில் முன்னால் போய், ஒரு மரத்தடியில் அடுப்பு மூட்டி, நாங்கள் வந்து சேரும்போது சோறு தயாராக வைத்திருப்பாய். நீ அங்கே நிற்கிறாய் என்று நினைத்தாலே எனக்கு வண்டி தானாக ஓடும். மூன்று ஹெல்மெட்டும் எனக்கும் பிள்ளைகளுக்கும் சைக்கிள் ஓட்டும் உடுப்பும் அனுப்பியிருக்கிறேன். உனக்கு மடக்கு அடுப்பு ஒன்று. நல்ல ஜப்பான் சரக்கு.

உன் நஜீமுதீன்


லெப்பைக்குடிக்காடு
2-7-2025

அன்புள்ள மச்சானுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

பார்சல் வந்தது. நம் வீட்டில் பார்சலை எப்படிப் பிரிப்பார்கள் என்று உங்களுக்கு மறந்தே போய்விட்டதா? ஹால் நடுவில் வைத்து, தெருவே கூடி, உங்கள் சாச்சிதான் கத்தரிக்கோல் பிடித்தார்கள். முதலில் கைக்கு வந்தது உங்கள் சைக்கிள் டவுசர். உட்காரும் இடத்தில் தடியாகப் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறதே, அது. சாச்சி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள்.

"என்னடி இது, கைப்புள்ளைக்குக் கட்டுற மாதிரி இருக்கு? நஜீமுக்கு மூலமா? சொல்லவே இல்ல பாத்தியா."

நான் என்ன சொல்வேன்? சிரிப்பை அடக்கியதில் பேச்சே வரவில்லை. பேசாமல் இருந்ததால் அதுவே உண்மையாகிவிட்டது. மஃரிப் தொழுகைக்குள் தெருவே உங்கள் மூலத்துக்குத் துஆ கேட்டு முடித்தாயிற்று. கருணைக்கிழங்கு நிறையச் சாப்பிடச் சொல்லி மாமி தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிவிட்டேன்.

டீச்சருக்காக இப்படி ஒன்று தோன்றியதே உங்களுக்கு, அதற்கு அல்லாஹ் கூலி தருவான். படித்ததும் அழுதேன். பிறகு திரும்பவும் படித்தேன். பிலால் முன்னால், அஃப்ஷான் நடுவில், நீங்கள் கடைசியில். குடும்பமே போகிறோம் என்று எழுதிவிட்டு எனக்கு மட்டும் அடுப்பு அனுப்பியிருக்கிறீர்கள். வேனில் ஏறினால் வேப்பூர் தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பவள் நான். அதுகூட உங்களுக்குத் தெரியாது. தெரிகிற அளவுக்கு நாம் எங்கே சேர்ந்து போயிருக்கிறோம்?

நானும் சைக்கிள் ஓட்டுகிறேன் மச்சான். இன்னும் தெரியாதுதான். கற்றுக்கொள்கிறேன்.

ஜைனம்பு


ஷார்ஜா
25-7-2025

அன்பு ஜைனம்பு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே மூலத்துக்கு மருந்து இங்கே வந்துவிட்டது. மீன்சுருட்டிக்காரர் ஒருவர் நான் வேலை பார்க்கும் கடைக்கே வந்து, "பாய், வெக்கப்படாதீங்க, எனக்கும் இருந்துச்சு" என்று ஒரு லேகியப் பாட்டிலை நீட்டினார். வாங்கி வைத்திருக்கிறேன், வேறென்ன செய்ய?

நீ சைக்கிள் ஓட்டுவதாக எழுதியதை நல்ல தமாஷ் என்று எடுத்துக்கொள்கிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகு பெடல் பழகுகிற பெண்ணை நம் ஊர் பார்த்திருக்கிறதா? விழுந்தால் யார் தூக்குவது? லாரி போகிற ரோடு. ஜமாஅத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அதற்கு நான் இங்கிருந்து பதில் சொல்ல முடியாது. வேனில் வாந்தி வந்தால் மாத்திரை இருக்கிறது. எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள். கோபப்படாதே. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அடுப்பு பற்றவைத்துப் பார்த்தாயா? நீலமாக எரிகிறதா?

நஜீமுதீன்


லெப்பைக்குடிக்காடு
10-8-2025

மதிப்பிற்குரிய நஜீமுதீன் அவர்களுக்கு,

அடுப்பு நீலமாக எரிகிறது.

மாமிக்கு சுகர் குறைந்திருக்கிறது. பிலால் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அஃப்ஷானுக்குக் காலேஜில் பிரின்சிபால் மேடமே அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

ஜைனம்பு


ஷார்ஜா
6-9-2025

ஜைனம்பு,

போன மாதம் முழுக்க நீ போனுக்கு வரவில்லை. "அம்மா தொழுவுது", "அம்மா குளிக்குது" என்று அஃப்ஷான் மாற்றி மாற்றிச் சொல்கிறாள். ஒரு மனுஷி எத்தனை தடவை குளிப்பாள்?

நேற்று அனஸ் லீவு முடிந்து வந்தான். தேங்காய் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, "மதனிக்குக் கை இப்ப எப்படி இருக்கு, கட்டுப் பிரிச்சாச்சா?" என்று என்னைக் கேட்கிறான். என் பெண்சாதிக்குக் கையில் கட்டுப் போட்டிருப்பது அனஸுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பிலாலைப் போனில் கூப்பிட்டு அதட்டிய பிறகுதான் சைக்கிளில் இருந்து விழுந்தாய் என்று சொன்னான். நான் வேண்டாம் என்றுதானே எழுதினேன்?

கோபமாக நாலு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. என் அத்தா மவுத்தானபோது நான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மண்ணைத்தான் பார்த்தேன். அன்றில் இருந்து நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால் அல்லாஹ்வைக் கூப்பிட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். உன்னை வேனில் உட்காரச் சொன்னது சமையலுக்கு இல்லை, ஜைனம்பு. வேனில் இருந்தால் உனக்கு ஒன்றும் ஆகாது. அவ்வளவுதான் கணக்கு. இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். எழுதக் கூச்சமாக இருந்தது.

கை வலிக்கிறதா? உன் எழுத்தில் நீயே எழுது.

நஜீமுதீன்


லெப்பைக்குடிக்காடு
28-9-2025

என் மச்சானுக்கு,

என் எழுத்துத்தான். வலது கை நன்றாக இருக்கிறது, இடது மணிக்கட்டில்தான் சுளுக்கு. கட்டுப் பிரித்தாயிற்று. உங்களிடம் மறைத்தது தப்பு. ஆனால் வேண்டாம் என்று சொன்னவரிடம் போய் விழுந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? நீங்கள் பயந்திருப்பீர்கள் என்று தோன்றவே இல்லை. கிண்டல் செய்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

எப்படிப் பழகினேன் என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் அஃப்ஷானுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடந்ததே, அதில்தான். விடிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் வெள்ளாற்றங்கரைப் பாதைக்குப் போய்விடுவோம். முதல் நாள் அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தாள். "அம்மா, கீழ பாக்காத, நேராப் பாரு! அம்மா, பெல்லை எதுக்கு அடிக்கிற, யாருமே இல்ல!" என்று ஒரே கத்தல். கருவேலம் புதருக்குள் போய் விழுந்து முள் எடுத்த நாளும் உண்டு. துப்பட்டா சக்கரத்தில் மாட்டிய நாள்தான் மணிக்கட்டு போனது. இப்போது டெய்லரிடம் முழங்கால் வரைக்கும் ஜிப்பாவும் பேண்ட்டும் தைத்து வாங்கிவிட்டேன், தலையில் இறுக்கமாக முக்காடு. ஒரு நாள் டீச்சர் வந்து பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து பார்த்தார்கள். நான் திரும்புவதற்காகக் காலை ஊன்றிக்கொண்டு நின்றதைப் பார்த்து அப்படிச் சிரித்தார்கள். "ஜைனம்பு, எனக்கு இன்னைக்கு மிஷினே வேண்டாம் போல இருக்கு" என்றார்கள். இப்போது நன்றாகத் திரும்புகிறேன். போன வாரம் பிலாலோடு ஆலத்தியூர் வரைக்கும் போனேன். சிமெண்டு ஆலை லாரி பக்கத்தில் வரும்போது ஹேண்டிலை ஆட்டாமல் பிடிக்கத் தெரிந்துவிட்டது.

ஏன் இத்தனை பிடிவாதம் என்று நினைப்பீர்கள். சொல்லிவிடுகிறேன், நீங்களும் மனசைத் திறந்துவிட்டீர்கள். நாம் சேர்ந்து இருந்த நாட்களை எல்லாம் கூட்டினால் நம் பிள்ளைகளுக்குப் பால்பல் விழுகிற வயதுகூட வராது. நீங்கள் என்னை உட்கார வைத்த வேன் முன்னாலேயே போய் நிற்கும். நான் இறங்கி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் வருவீர்கள், சாப்பிடுவீர்கள், "நல்லா இருக்கு" என்பீர்கள், போய்விடுவீர்கள். இது எனக்குப் புதிதா மச்சான்? காத்திருப்பதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டெல்லி வரைக்கும் போயும் அதே வேலையா? எனக்கு வேறு வேலை கொடுங்கள். உங்களோடு ஒரே ரோட்டில், ஒரே வெயிலில் வருகிற வேலை.

உங்கள் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. நான் பத்திரமாக ஓட்டுவேன். ஆனால் ஓட்டுவேன்.

ஜைனம்பு


ஷார்ஜா
20-10-2025

என் ஜைனம்புக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். அறையில் யாரும் இல்லாதபோது எடுத்துப் படித்துவிட்டு, யாராவது வந்தால் கரண்ட் பில் பார்ப்பது போல மடித்துக்கொள்கிறேன்.

உனக்கு ஹெல்மெட் வாங்கிவிட்டேன். முக்காட்டுக்கு மேல் போட வேண்டுமே என்று கடையில் என் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கடைக்கார ஃபிலிப்பினோ பையன் போட்டோ எடுத்துக்கொண்டான். எடுக்கட்டும். வெள்ளை நிறம், தூரத்தில் வரும் லாரிக்காரனுக்கும் தெரியும். நீ ஓட்டு. பிலாலுக்கும் எனக்கும் நடுவில்.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும். என் இடத்துக்கு வர வேண்டிய ஆளுக்கு விசா தள்ளிப் போகிறது. டிசம்பர் பத்தாம் தேதிக்கு முன்னால் என்னை விட மாட்டேன் என்று முதலாளி கையை விரித்துவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன். அன்றிரவு சாப்பிடவில்லை.

அடுத்த வருஷம் போகலாம். எங்கே போய்விடப் போகிறது ரோடு? பிள்ளைகளிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. உன் ஹெல்மெட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன், பத்திரமாக இருக்கட்டும்.

நஜீமுதீன்


லெப்பைக்குடிக்காடு
2-11-2025

மச்சானுக்கு,

அடுத்த வருஷம், அடுத்த வருஷம்! இந்த வார்த்தையை எத்தனை கடிதத்தில் படித்துவிட்டேன். வீடு கட்டியதும் வந்துவிடுவேன், அடுத்த வருஷம். பிலால் படித்து முடித்ததும் வந்துவிடுவேன், அடுத்த வருஷம். உங்கள் மேல் குறையில்லை. அந்த வார்த்தை மேல்தான் எனக்குக் கோபம்.

டீச்சரால் அடுத்த வருஷம் வரைக்கும் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து போய்வர முடியாது. போன வியாழக்கிழமை பாதி வழியில் மயக்கம் போட்டு, கண்டக்டர்தான் பிடித்திருக்கிறார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நவம்பர் பதினாறு கன்னியாகுமரியில் நாங்கள் கிளம்புகிறோம். நான், பிலால், அஃப்ஷான். உங்களுக்கு லீவு கிடைக்கும்போது ஹைதராபாத் பக்கம் இருப்போம். நீங்கள் நேராக அங்கே வந்து சேர்ந்துகொள்ளுங்கள். டெல்லிக்கு அங்கிருந்தும் எவ்வளவோ தூரம் இருக்கிறது.

புருஷன் இல்லாமல் எப்படிப் பயணம் போவாள் என்று சாச்சி ஆரம்பித்தார்கள். மாமி கட்டிலில் படுத்தபடியே சொன்னார்கள்: "மவன் கூடப் போறான்ல, மஹ்ரமான ஆம்பள தொணைக்கு இருக்குல்ல, பின்ன என்னா? அவ போவட்டும். என் மவன் வர்ற வரைக்கும் குந்திக்கிட்டுத்தான் இருந்தா, பாத்தேன்ல." சாச்சி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கே நம்ப முடியவில்லை. அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன்.

சமையல் பிச்சைமுத்து அண்ணன் சம்சாரம் சின்னப்பிள்ளை அக்கா பார்த்துக்கொள்கிறது. டெல்லியைப் பார்க்கணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறது. உங்கள் ஜப்பான் அடுப்பை அதனிடம் கொடுத்துவிட்டேன்.

போகட்டும் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். எழுதாவிட்டாலும் போவேன். எழுதினால் சந்தோஷமாகப் போவேன்.

ஜைனம்பு


ஷார்ஜா
11-11-2025

ஜைனம்பு,

இதைக் கொண்டு வருகிறவர் இன்றே விமானம் ஏறுகிறார், வாசலில் டாக்சி நிற்கிறது. நீளமாக எழுத நேரமில்லை.

போ.

இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடி. முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் தூக்கி அடிக்கும். தாகம் எடுப்பதற்கு முன்னாலேயே தண்ணீர் குடி. அஃப்ஷான் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓட்டினால் தலையில் ஒன்று வை. ராத்திரி எந்த ஊரில் தங்குகிறாய் என்று எனக்குச் சொல்லிவிட்டுத் தூங்கு, இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நான் இல்லாமல் நீ கிளம்புகிறாய் என்பது வலிக்கத்தான் செய்கிறது. பெருமையாகவும் இருக்கிறது. இரண்டில் எது அதிகம் என்று தெரியவில்லை. நான் வந்துவிடுவேன்.

அல்லாஹ் காவல்.

உன் நஜீமுதீன்


கர்னூல்
5-12-2025

என் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நடுரோட்டில் இருந்துகொண்டு ஷார்ஜா போகிற ஆளை எங்கே தேடுவது? இதை எழுதி முடித்ததும் அஃப்ஷான் போட்டோ எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புவாள். படிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். படிப்பாள், தெரியும்.

எல்லோரும் சுகம். திருநெல்வேலி தாண்டும் வரைக்கும் மழை கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணகிரிக்கு அப்புறம் ஏறுமுகம், பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். பிலால் எரிச்சல்பட்டான். பிறகு அவனே இறங்கி என்னோடு தள்ளினான். அனந்தப்பூரில் ஒரு காலேஜில் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தெலுங்கும் வராது, இங்கிலீஷும் வராது. "எங்க டீச்சருக்கு உடம்பு சரியில்லங்க" என்று தமிழில் சொன்னேன், அதற்கு மேல் அழுகை முட்டிக்கொண்டது. பிலால் மீதியைச் சொன்னான். பிள்ளைகள் வரிசையில் நின்று கொடுத்தார்கள். ஜமாஅத்தில் முதல் மிஷினுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்களாம். டீச்சர் போனில், "நீ வீட்டுக்கு வர்றதுக்குள்ள நான் நம்ம ஊர்லயே ஊசி போட்டுக்கிட்டுப் படுத்திருப்பேன் பாரு" என்றார்கள்.

நீங்கள் புதன்கிழமை வந்து இறங்குவதாகப் பிலால் சொன்னான். கர்னூலில் இருந்து போகும்போது ஹைதராபாத் ஊருக்கு முன்னாலேயே ஏர்போர்ட் வந்துவிடுமாம். நேராக அங்கே வருகிறேன். கல்யாணமான நாளில் இருந்து உங்களை ஏர்போர்ட்டில் வந்து நான் அழைத்ததே இல்லை. ஆம்பிளைகள் கார் எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போவார்கள். நான் வீட்டில் கறி ஆறிப்போகாமல் மூடி வைத்துக்கொண்டு ஜன்னலில் நிற்பேன். வீட்டுக்குள் வந்து எல்லோரிடமும் பேசி முடித்துக் கடைசியில்தான் என்னைப் பார்ப்பீர்கள். இந்தத் தடவை வெளியே வந்ததும் முதலில் என்னைத்தான் பார்ப்பீர்கள். முகம் கருத்துப் போயிருக்கிறது, மூக்கு உரிந்திருக்கிறது. அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விடாதீர்கள்.

உங்களுக்காக வாங்கிய சைக்கிள் வேன் மேலே கட்டியிருக்கிறது. சின்னப்பிள்ளை அக்கா தினமும் அதைத் துடைத்து வைக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் வேகமாக ஓட்டுகிறவர். நான் இன்னும் மெதுவாகத்தான் போகிறேன், மேடு வந்தால் இறங்கிவிடுகிறேன், லாரி ஹாரன் அடித்தால் ஓரமாக நின்றுவிட்டுத்தான் கிளம்புகிறேன். நம் தெருவில் சேர்ந்து நடந்தால்கூட நாலடி முன்னால் போய், பிறகு திரும்பிப் பார்ப்பீர்கள். இங்கே அப்படி வேண்டாம் மச்சான். டெல்லி எங்கேயும் ஓடிவிடாது. முன்னாலும் போகாதீர்கள், பின்னாலும் வராதீர்கள். என் பக்கத்தில் வாருங்கள்.

உங்கள் ஜைனம்பு